மாப்பிள்ளையின் படப்பெட்டி

எட்டயபுரத்தில் ஏறிய இரண்டு பெண்கள் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். கோவில்பட்டிக்கு டிக்கெட் வாங்கியதும் இளையவள், மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி சொன்னாள்:

"மதினி, மாப்பிள்ளையோட பறக்குத ஆளுகள ஒங்க தம்பி சோளக்காட்டுல கட்டித் தொங்கவிட்டுட்டாவ."

"எந்த ஆளுகட்டி?"

"இங்கிலீசுப் படத்துல பறந்து பறந்து ஊரக் காப்பாத்துவாங்கல்லா, அவங்கதான். எல்லாப் பாகமும் ஒரே பெட்டியில டிஸ்க்கா வித்தத ஆசையா வாங்கியிருக்காரு. வீடு மாத்தையில நம்மகிட்ட குடுத்து வச்சாரு."

"இவன் எதுக்கு அத எடுத்தான்?"

"பழைய சிடின்னு நெனச்சிட்டாவ. பளபளன்னு ஆடுனா கிளி அண்டாதுன்னு எல்லாரும் காட்டுல கட்டுதாவல்லா."

"கழட்டித் தொடச்சு உள்ள வச்சிருட்டி."

"வெயில்ல வெளுத்து, கம்புல உரசி, ஒரே கீறலா கெடக்கு மதினி. நேத்து மக போன்ல, பெட்டி பத்திரமா இருக்கான்னு கேட்டா. இருக்குன்னுட்டேன். பெட்டி இருக்குல்லா."

பெரியவள் ஜன்னலுக்கு வெளியே ஓடிய சோளக்காடுகளைக் காட்டிக் கேட்டாள்:

"கிளியாவது வராம இருக்கா?"

"ஒண்ணுகூட வரல. மாப்பிள்ளதான் நாளைக்கு வாராரு."