குண்டூசி அம்மா மடித்து அனுப்பிய விண்ணப்பங்கள்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஷிப்ட் முடிந்து வேலை உடுப்போடு வந்திருக்கும் தோழர்களே, மறைந்த அம்மாவின் அருமை மகளே, உங்கள் எல்லோருக்கும் தலை குனிந்த வணக்கம்.

அம்மாவைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி இல்லாதவன் இந்தக் கூடத்தில் உண்டா? இல்லை! அவர் நீதிமன்றம் ஏறிச் சாட்சி சொன்னதே எனக்கு எதிராகத்தான்.

எங்கள் பம்பு தொழிற்சாலைக்கு இருபத்தாறு வருடம் ஆள் எடுத்துக் கொடுத்த அலுவலர் அவர். நீங்கள் வைத்த பெயர் குண்டூசி அம்மா. விண்ணப்பத்தில் பெயரும் தகப்பன் பெயரும் தெருவும் இருக்கும் மேல்பகுதியை மடித்து, குண்டூசி குத்தித்தான் முதலாளியான என் மேசைக்கு அனுப்புவார். ஏன்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்களை நான் எடுக்க மாட்டேன். காரணம் கேட்டால் ஒத்துவராது என்பேன். என் அப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை வெல்டிங் சோதனைக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒருவர் பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்துச் சொக்கிப் போனேன். இவரே போதும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அப்புறம் குண்டூசியைக் கழற்றினேன். தெருவைப் படித்தேன். கையெழுத்தை அடித்துவிட்டேன். வெட்கக்கேடு!

அம்மா என் அறைக்கு வந்தார். இது என் கம்பெனி, அரசியல் சட்டமெல்லாம் அரசாங்க ஆபீஸோடு சரி என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சார், அந்தத் தெருவுல பொறந்ததத் தவிர அவர் என்ன தப்பு பண்ணாரு? அத ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் அனுப்பிடறேன்."

ஒரு வரியும் எழுதாமல் காகிதத்தை அவரிடமே தள்ளினேன். அந்த வெல்டர் வழக்குப் போட்டார். நான் அடித்த காகிதத்தை அம்மா நீதிமன்றத்தில் எடுத்து வைத்தார். நான் கத்தியதையே எங்கள் வக்கீல் நல்ல மொழியில் வாதாடினார். பாகுபாடு கூடாது என்ற உரிமை தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடாது என்று தீர்ப்பு வந்தது.

கோபத்தில் அம்மாவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினேன். பொறுத்துக்கொண்டாரா? இல்லை, புகார் கொடுத்தார்! அதிலும் நான்தான் தோற்றேன். அந்த வெல்டர் இன்று எங்கள் ஃபோர்மேன். அதோ, கடைசி வரிசையில் நிற்கிறார். ஐயா, பதினாலு வருடமாக உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

தோழர்களே, சுமை ஏற்றும் ஆட்களைக் காண்டிராக்டர்கள் இன்னமும் தெரு பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அவர்களுக்கும் அதே விதி வேண்டும் என்று அம்மா எழுதிய கோப்பு நாலு மாதம் என் மேசையில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நான் அவர் உடம்பைப் பற்றிக் கேட்டேன். அவர் கோப்பைப் பற்றிக் கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

அந்த அடுத்த வாரம்தான் இது.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைவர் கையில் இப்போதே தருகிறேன். நாளை என் வளாகத்தில் எவராவது ஒருவரிடம் தெருவைக் கேட்டால், அம்மா செய்ததையே செய்யுங்கள். என்னை நீதிமன்றத்துக்கு இழுங்கள். நான் தோற்க வேண்டும்.