இன்பாக்ஸில் இடமில்லை

பட்டன் வைத்த பழைய செல்போனில் இருநூறு மெசேஜுக்கு மேல் நிற்காது. அம்மாவின் போனைப் பார்த்துத்தான் எனக்கே இது தெரிந்தது. இருநூறு ஆனதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கடித உறை மினுக் மினுக்கென்று அடித்துக்கொள்ளும். பழையதை அழித்தால்தான் புதியது உள்ளே வரும்.

அம்மாவுக்குக் காதருகே கத்தினால்தான் கேட்கும், கண்ணும் மங்கல். தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். அவர்களுக்குள் எல்லாமே மெசேஜ்தான். படித்துச் சொல்வது நான். என் நம்பரை அவன் கேட்டதே இல்லை. அக்காவிடம் கேட்க அவனுக்கு என்ன இருக்கிறது?

பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஆறு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், துணி மாற்றினேன். வாய்க்கு வாய் ஒரே கேள்வி: "தம்பி மெசேஜ் போட்டானாடி?"

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் காதருகே கத்தினேன். "நான் ஒருத்தி இங்க கெடக்கேனே, கண்ணுக்குத் தெரியலையா?"

"நீ எங்கடி போயிடப் போறே. அவன்தான் பாவம்" என்றாள் அம்மா.

அன்றைக்குத்தான் அம்மாவின் போனுக்குக் கம்பெனி அனுப்பிய விளம்பரத்துக்குச் சம்மதம் என்று பதில் போட்டேன். தினமும் பத்து ஜோக். அடுத்து கிரிக்கெட் ஸ்கோர், வானிலை, சமையல் குறிப்பு, அழகுக் குறிப்பு. பத்தே நாளில் இன்பாக்ஸ் நிரம்பி வழிந்தது. தம்பியின் மெசேஜ் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"வந்துச்சா?"

"வரலம்மா."

உண்மைதானே. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மறுமாதம் அம்மாவுக்குக் குடலில் கட்டி என்றார் டாக்டர். ஒரு வாரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்.

"அவன் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றாள் அம்மா. அவள் சொன்னதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். அனுப்புவதற்குத் தடை ஏதும் இல்லை.

டாக்டரும் நானும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சினோம். அசையவில்லை. கூடவே இருக்கிற மகள் சொன்னால் ஏறாதாம், கடலில் இருக்கிறவன் சொன்னால் ஏறுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு ஜோக்கை அழித்திருந்தால் போதும். பிடிவாதம் அவளுடையது, நான் ஏன் அழிக்க வேண்டும்? ஒன்பதாம் நாள் காலையில் போனைக் கையில் பிடித்தபடியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஜோக், ஸ்கோர், குறிப்பு எல்லாவற்றையும் அழித்தேன். உடனே வரிசையாக ஏழு மெசேஜ் வந்தன. "பண்ணிக்கோம்மா, பயப்படாதே." "ஏம்மா பதில் இல்ல?" "எம்மேல கோவமா?" கடைசியாக, "கெளம்பிட்டேன்மா."

இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்த தம்பி, விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே நின்று கேட்டான். "அக்கா, நான் போட்டதை எல்லாம் அம்மா கேட்டாங்களா?"

"ஒண்ணுகூடக் கேக்கலடா" என்றேன். அதுவும் உண்மைதான்.

அம்மா தன்மேல் கோபத்தோடு போய்விட்டாள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நான் மறுத்துப் பேசவில்லை. முகம் கழுவச் சொல்லிவிட்டுச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

"இனிமே உன்ன விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றான்.

இதே வார்த்தையை அம்மா ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், அந்த நிமிடமே ஒரு ஜோக்கை அழித்திருப்பேன். அவளும் பிழைத்திருப்பாள்.