மடிக்காத ஆறு தோட்டாக்கள்

எனக்கு எந்த வேலையையும் அரைகுறையாக விடப் பிடிக்காது, அதிகாரியம்மா. மொண்டானாவில் முப்பத்தோரு வருஷம் கடைத் தராசுகளையும் பெட்ரோல் பம்புகளையும் சோதித்தவன் நான்.

ஓய்வு பெற்றபின் என் கார் கொட்டகையில் தோட்டா செய்கிறேன். சுட்ட பித்தளைக் கூட்டைத் துடைத்து, வெடிமருந்து நிரப்பி, குண்டைச் செருகி, கடைசியாகக் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் மடித்துவிட வேண்டும். கண்ணுக்கே தெரியாத வேலை. ஆனால் சுடும்போது பெரிய ரிவால்வர் உதறுகிற உதறலில், வாய் மடிக்காத தோட்டாவிலிருந்து குண்டு முன்னால் நழுவிவிடும். கொஞ்சம் வெளியே நீட்டினாலும் தோட்டாக்கள் உட்காரும் உருளை சுழலாது. அப்புறம் கையில் இருப்பது வெறும் இரும்பு.

லைல் ட்வெட் பக்கத்துப் பண்ணைக்காரன், இருபது வருஷச் சினேகிதன். செப்டம்பரில் வில்லோடு எல்க் மான் வேட்டைக்கு மலையேறுவான். கரடிக்குப் பயந்து இடுப்பில் ரிவால்வர். அதற்குத் தோட்டா என்னிடம்தான் வாங்குவான்.

"வெர்லின், ஆறு போட்டு வைப்பா. அந்த வாயைக் கிள்ளுற வேலையெல்லாம் வேணாம், சும்மா சொருகிக் குடு."

ஒவ்வொரு வருஷமும் இதையே சொல்வான். நானும் சிரித்துக்கொண்டே மடித்துக் கொடுப்பேன்.

ஆகஸ்டில் எங்கள் துப்பாக்கிச் சங்கத்தின் காலை விருந்தில் இந்த மடிப்பைப் பற்றி இருபது நிமிஷம் பேச ஒத்துக்கொண்டிருந்தேன். படங்களெல்லாம் தயார் செய்திருந்தேன். ஒன்பதாவது நிமிஷத்தில் லைல், முள்கரண்டியில் பான்கேக்கோடு எழுந்து நின்றான்.

"இவன் பொண்டாட்டி டோரீன் ஏன் ஓடிப்போனா தெரியுமா? தூங்குறப்ப அவ வாயையும் மடிச்சுவிடப் பாத்திருக்கான்."

நாற்பது பேர் சிரித்தார்கள். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதிப் பதினோரு நிமிஷத்தை யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி லைல் வழக்கம்போல வந்தான், வழக்கம்போலவே சொன்னான். இந்தத் தடவை சொன்னபடி செய்து கொடுத்தேன். கேட்டதைக் கொடுப்பது எப்படிக் குற்றமாகும்? அவன் அப்படிக் கேட்டது வேடிக்கைப் பேச்சு என்கிறாள் அவன் மனைவி இங்ரிட். வேடிக்கையை நாற்பது பேர் முன்னால் பேசிப் பழகியவன், பின்விளைவையும் யோசித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கரடி வந்தது. இரண்டு தோட்டாக்கள் வெடித்தன. பின்னால் வந்த அவன் மச்சான் ரோல்ஃப், லைல் விசையை மறுபடி மறுபடி இழுத்ததைப் பார்த்திருக்கிறான். "சுத்த மாட்டேங்குதுடா, சுத்த மாட்டேங்குது" என்று கத்தினானாம். லைலின் அடக்கத்தன்று ரோல்ஃபிடம் நான் கேட்டது ஒன்றுதான்: இரண்டு வெடித்த பிறகா, மூன்று வெடித்த பிறகா? அவன் என்னை விட்டு நகர்ந்து போய்விட்டான். அழுத களைப்பாக இருக்கும்.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் குறிப்பேடு என்னுடையதுதான். எட்டாம் தேதிப் பக்கமும் என் கையெழுத்துதான். அதே மருந்து, அதே குண்டு, வாய் மடிக்காமல் ஆறு செய்து என் ரிவால்வரில் போட்டுப் பார்த்தேன். இரண்டு வெடித்தன, மூன்றாவதற்கு உருளை நின்றுவிட்டது. சோதிக்காத பொருளை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. லைல் கேட்டது ஒன்பதாம் தேதி, நான் சோதித்தது எட்டாம் தேதி என்கிறீர்கள். தேதி சரிதான். தேதிகளில் நான் தவறு செய்வதில்லை.

மறுநாள் வனத்துறையினர் அந்தக் கரடியைச் சுட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பாவம், அது எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை.

நானும் லைல் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வருவான், சங்கத்தில் எல்லோர் முன்னாலும் "வெர்லின் சொன்னதுதான் சரி" என்பான், நான் பெருந்தன்மையாக மன்னித்துவிடுவேன் என்றுதான் காத்திருந்தேன்.

இப்போதும் மன்னிக்கத் தயாராகத்தான் இருக்கிறேன்.