துருவைத் தேய்த்தது நான்தான்

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் எழுதியபடி சரி. வயது நாற்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கழுவும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே கத்தரிக்கோலில் கடுகளவு துரு இருந்தாலும் வேலை போய்விடும். என் தம்பி லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டு எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறான்.

என் கணவர் பழைய ஜப்பானிய வாள்காப்புகளைச் சேர்ப்பவர். வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே, கை நழுவி வெட்டுப்படாமல் இருக்கச் செருகும் உள்ளங்கையளவு இரும்புத் தகடுதான் வாள்காப்பு. அவற்றில் இரண்டு நாரைகளின் உருவம் வரத் துளைத்து வெட்டிய தகடு என்றால் அவருக்கு உயிர். வேலையிலிருந்து வந்ததும் மெல்லிய துணியால் அதைத் தடவிக்கொண்டே இருப்பார். என் கையை அவர் அப்படிப் பிடித்ததே இல்லை. இதையும் எழுதச் சொன்னேன்.

அவர் வெளியூர் போயிருந்தபோது, அவரைப் போலவே தகடு சேர்ப்பவர்கள் வீட்டுக்கு வரப்போவதாகப் போனில் சொன்னார். அதன் பிறகு நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாரைத் தகடு கன்னங்கரேலென்று துரு ஏறிக் கிடந்தது. நாலு பேர் முன்னால் மானம் போகுமே என்று அதை வினிகரில் ஊறப்போட்டு, தம்பியிடம் உப்புத்தாள் வாங்கி, வெள்ளி மாதிரி மின்னும் வரை தேய்த்துத் திரும்ப வைத்தேன். அவர் வந்து பார்த்து அசந்துபோவார் என்று வாய் திறக்காமல் இருந்தேன். அதன் பிறகு அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்ததால் அங்கே போய்விட்டேன்.

இன்று காலை தம்பியின் பட்டறை முதலாளி போன் செய்து, தம்பியைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார். நிஜத் தகட்டைத் திருடிவிட்டு பட்டறையில் புதிதாக ஒன்றை வெட்டி வைத்துவிட்டான் என்று என் கணவர் புகார் கொடுத்திருந்தார். உடனே கணவருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். தம்பிக்காகப் பொய் சொல்கிறாய் என்று வைத்துவிட்டார். அதன் பிறகு வீட்டுக்குப் போய் மிச்ச வினிகரையும் உப்புத்தாளையும் எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன்.

தம்பி சட்டையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கீழுதடு வீங்கியிருந்தது. மேசைக்கு எதிரே என் கணவர் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர் மேசையில் மின்னும் நாரைத் தகடும், காலங்காலமாக ஏறிய அந்தக் கறுப்புதான் பழைய தகட்டின் மதிப்பே என்று காட்ட அவர் கொண்டுவந்த இன்னொரு கறுப்புத் தகடும் இருந்தன. நான் சொன்னதை ஆய்வாளர் நம்பவில்லை. அக்கா என்றால் அப்படித்தான் சொல்வாள் என்றார்.

அதன் பிறகு நான் அந்தக் கறுப்புத் தகட்டைக் கையில் எடுத்து, வினிகரை ஊற்றி, உப்புத்தாளை அதன் மேல் வைத்தேன்.

"இதையும் தேய்ச்சுக் காட்டுறேன் சார். அது மாதிரி ஆகுதா இல்லையான்னு நீங்களே பாருங்க."

ஒரு இழுப்புதான் இழுத்தேன். விளிம்பில் வெள்ளைக் கோடு விழுந்தது. என் கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம், விட்டுடு. அவ சொல்றது நிஜம்தான் சார். அதே தகடுதான்."

எப்படித் தெரியும் என்று ஆய்வாளர் கேட்டார். வாள் செருகும் துளையின் ஓரத்தில், அந்தந்த வாளுக்கு இறுக்கமாகப் பொருந்த அடித்த உளித் தழும்புகள் இருக்கும், அது இரண்டு தகடுகளில் ஒன்றுபோல இருக்காது, நாரைத் தகட்டில் அதே தழும்புகள்தான் என்றார். அதை எப்போது பார்த்தீர்கள் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, புகார் கொடுக்கும் முன்பே என்றார்.

"அப்புறம் ஏன்யா இந்தப் பையனை உள்ள தள்ளினே?"

"அவன் மாத்திட்டான்னா, நிஜமானது எங்கேயாவது பத்திரமா இருக்கும்ல சார்."

என் தம்பி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் உதட்டைப் பார்த்து வராத வார்த்தை, அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அவருக்கு வந்துவிட்டது.

இரண்டு தகடுகளையும் என் கணவரிடமே கொடுத்துவிடலாம். நான் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போவதாக இல்லை. வினிகர் பாட்டில் என்னுடையது, அதைத் திருப்பித் தர வேண்டும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)