வாகனத் தரிப்பிடத்தின் கம்பி வலை வெட்டப்பட்டது பற்றி

இந்த வாக்குமூலம் எழுதும்போது இருந்தவர்கள்: பெண் பொலிஸ் அலுவலர் சுதாஜினி, தரிப்பிடக் காவலாளி பாலன், நான். என் கணவர் மரியநேசன் பொலிஸ் நிலையத்தின் பின்பக்கக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்.

மரியநேசன் ஞானமலர், வயது 47, முல்லைத்தீவு, வீட்டுப்பணி.

நேற்றுச் சனிக்கிழமை பதினொன்று பத்துக்கு வவுனியா நகர மாடித் தரிப்பிடத்தின் மேல்தளத்தில் எங்கள் மோட்டார் சைக்கிளை விட்டோம். கணவர் எங்களிடம் இருந்த ஒரே கைத்தொலைபேசியுடன் படகு இயந்திரத்துக்குச் சாமான் வாங்கப் போனார். நான் தூணுக்குப் பின்னால் இருந்து, பன்னிரண்டே முக்காலுக்குச் செபமாலை தொடங்கினேன். சனிக்கிழமை அரைநாள் என்பதால் ஒரு மணிக்குப் பாலன் கீழே நின்று, "மேல ஆரும் நிக்கிறியளோ? பூட்டப் போறன்" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நான் செபமாலையின் நாலாம் பத்து மணிகளில் இருந்தேன். பத்து முடியாமல் இடையில் வாய் திறப்பதில்லை. முடித்துப் போனபோது கதவுகள் பூட்டியிருந்தன.

அதன் பின்னர் வலையடிக்கு வந்தேன். கட்டடத்தின் நாலு பக்கமும் பின்னிய உருக்குக் கம்பியால் மூடியிருக்கிறது, விரல் நுழையாது. வெயிலில் அது வெளியே நிற்பவர்களுக்குத் தகரம் போலத் தெரியும், உள்ளே இருந்து பார்த்தால் வீதி முழுவதும் தெரியும். கணவர் வந்து விசாரித்ததையும், பாலன் கையை விரித்துவிட்டுச் சைக்கிளில் போனதையும் பார்த்தேன். கூப்பிட்டேன், பஸ் இரைச்சலில் கேட்கவில்லை. கணவர் கட்டடத்தை மூன்று தரம் சுற்றினார். ஒருதரம் நேரே என்னைப் பார்த்தார், காணவில்லை. போர் முடிந்து செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் நின்றபோது வெளியே வந்தவர்கள் எங்கள் முகத்தையாவது கண்டார்கள்.

அதன் பின்னர் பையிலிருந்த கிழிந்த மீன்வலை பொத்தும் பச்சை நூலில் சட்டை ஊசியைக் கட்டி, கம்பிக் கண்ணுக்குள்ளால் கீழே இறக்கினேன். அவர் எங்கள் நூலென்று கண்டு அதைப் பிடித்து இரண்டுதரம் இழுத்தார். தரிப்பிட வாசல் பலகையில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு ஐந்துதரம் அழைத்தும் எடுப்பாரில்லை. அதன் பின்னர் எதிர்க்கடையில் ஏணியும் கம்பி வெட்டியும் வாங்கி ஏறி வந்து, "முப்பது வருசமா வலை போடுறன், உன்னை மாதிரி ஒண்டு படேல்லையடி" என்று சொல்லிக்கொண்டு வெட்டினார். வெட்டிய ஓட்டை இரண்டு முழ உயரம், ஒன்றரை முழ அகலம். அறுந்தவை அறுபத்திரண்டு கம்பிகள். வெட்டிய துண்டை மடித்துத்தான் விட்டார், எடுக்கவில்லை. அந்த வழியால் நான் இறங்கினேன், பொலிஸ் வந்து அவரைப் பிடித்தது.

பாலன் கூப்பிட்டதை எழுத வேண்டாம் என்று சுதாஜினி சொன்னார். "அம்மா, கேக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. உங்கட ஐயாவுக்கு அதுதான் நல்லது." கேட்டது என்றே எழுதச் சொன்னேன். பாலன் தன் வேலையைச் செய்தவர். பதில் சொல்லாதது நான். வேண்டுமென்று சேதப்படுத்தியதாக என் கணவர்மேல் போட்டிருக்கும் குற்றத்தை என்மேல் போடுங்கள்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. அவரை இன்று விடுவீர்களா, நாளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவீர்களா என்பதைக் கெதியில் சொல்லுங்கள். வாசல் வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிட்டால் உடனே பதில் சொல்வேன்.

ம. ஞானமலர்