விண்கலத்துக்கு ஐந்து எஞ்சின்

தயிர் டப்பாவை வெந்நீரில் கழுவக்கூடாது. நெளிந்துவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவைக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். சிதம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரமே தன் அறைப் பையன்கள் தின்று போட்ட டப்பாக்களைக் கழுவி, காயவைத்து, என் கதவுக்கு வெளியே அடுக்கியிருந்தான்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, மேடம். ஆங்கிலம் என்றால் சுருக்கி எழுதிவிடுவேன். சுருக்கினால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும்.

என் பெயர் எட்மண்ட். வயது ஐம்பத்தெட்டு. ஜாலான் புசார் தெருவில் யாக்கூப் பாயின் ஹார்ட்வேர் கடைக்கு மேல்மாடியில் இருந்த வாடகை அறைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் அறையோடு சேர்த்து மொத்தம் நான்கு அறைகள். கடைசியில் சமையலறை, அதை ஒட்டி என் அறை, அடுத்தது சிதம்பரத்தின் அறை. நீளமான நடை ஒன்று எல்லாவற்றையும் கடந்து முன்பக்க மாடிப்படிக்குப் போகும். தங்கியிருந்தவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். சிதம்பரத்துக்கு மட்டும் கப்பல் பட்டறையில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவான். ஆகவே பகலில் மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் மனைவி பிரிஜட் இறந்த வருடம் விண்கலத்தை ஆரம்பித்தேன். அவளுடைய மருந்து டப்பாக்கள் ஒரு பை நிறைய மிஞ்சியிருந்தன. எறிய மனம் வரவில்லை. இரண்டை ஒட்டிப் பார்த்தேன், ஏதோ ஒரு கலத்தின் மூக்கு மாதிரி இருந்தது. அப்படித்தான் தொடங்கியது. உடலுக்கு ஷாம்பு பாட்டில்கள், ஜன்னல்களுக்கு சாஸ் பாட்டில் மூடிகள், பீரங்கிகளுக்குப் பேனாக் குழல்கள். நான்கு வருடத்தில் ஒன்றரை மீட்டர் வளர்ந்துவிட்டது. பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டேனே என்று விசாரிக்க வந்த பங்குச் சாமியார் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். என்னைத் திட்ட வந்ததையே மறந்துவிட்டார் பாவம்.

இந்தக் கலையில் எனக்கு ஒரே ஒரு விதி. கலத்துக்கென்று எதையும் காசு கொடுத்து வாங்கக்கூடாது. வீட்டில் கிடந்து, ஏதோ ஒரு வேலை பார்த்த பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கடையில் பெட்டியோடு வாங்கி, படம் பார்த்து ஒட்டிவிட்டுத் தம்பட்டம் அடிக்கிறவர்களை நான் ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

பின்பக்கத்துக்கு ஐந்து எஞ்சின் தேவைப்பட்டது. வட்டமாக, ஓரத்தைச் சுற்றி மெல்லிய பிளவுகளோடு, ஐந்தும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். ஆறு மாதம் தேடினேன். ஒரு நாள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தபோது கண்ணில் பட்டது. கூரையில் புகை அலாரம். அறைக்கு ஒன்று, நடையில் ஒன்று. எண்ணிப் பார்த்தால் சரியாக ஐந்து. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கீழே பாய் கடையிலேயே அது விற்கிறதே, வாங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். விதியை இப்போதுதான் சொன்னேன்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. ஐந்தையும் கழற்றி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுக் கலத்தில் ஒட்டிய பிறகு, கூரையை வெறுமையாக விடவில்லை. தயிர் டப்பா மூடியைக் குவித்து, சூடான பிளேடால் பிளவுகளைக் கீறி, மிட்டாய் டப்பாவிலிருந்து ஒரு வளையம் வைத்து, வெள்ளை அடித்தேன். விளக்கு சிமிட்டும் சாவிச் செயின்கள் சில மேசை இழுப்பறையில் கிடந்தன. அவற்றின் சிவப்பு விளக்கை உள்ளே வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் ஆனது. ஏணியை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது அசல் எங்கே, போலி எங்கே என்று எனக்கே ஒரு கணம் குழம்பியது.

அவ்வளவு அச்சாகச் செய்யத் தெரிந்தவன் போலியைக் கலத்தில் ஒட்டிவிட்டு, அசலைக் கூரையிலேயே விட்டிருக்கலாமே என்பது உங்கள் அடுத்த கேள்வி. கலத்தில் எல்லாமே அசலாக இருக்க வேண்டும், மேடம். கூரைக்குப் பார்வைக்கு இருந்தால் போதும்.

கட்டட உரிமையாளரின் ஆள் ரகுபதி வருடத்துக்கு ஒருமுறை வந்து அலாரங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவான். அந்த முறை நானும் கூடவே நடந்தேன். ஐந்தின் கீழும் நின்று படம் எடுத்தான். "சத்தம் வருதான்னு அழுத்திக் காட்டட்டுமா?" என்று நானாகத்தான் கேட்டேன்.

"வேணாம் லா அண்ணே, காது போயிடும். லைட் அடிக்குதுல்ல, ஓகே."

அவன் படி இறங்கிப் போன பிறகு நான் தனியாக நின்று சிரித்தேன். நான்கு வருடத்தில் யாரும் என் வேலைக்கு அப்படியொரு சான்றிதழ் தந்ததில்லை.

சிதம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலையிலிருந்து வந்ததும் முதலில் என் அறைக்கு வந்து, கலம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பான். குளிப்பதும் சாப்பிடுவதும் அதற்குப் பிறகுதான். ஊரில் இருக்கும் மனைவி சுசீலாவுக்கு வீடியோவில் காட்டுவான். "பாரு, எல்லாம் அண்ணன் கையால செஞ்சது. குப்பைன்னு சொன்னா நம்புவியா?" என்பான். ஒரு நாள் காலையில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். போனில் சுசீலா இருந்தாள்.

"எங்கயோ லாட்ஜ்ல தீப்பிடிச்சத நியூஸ்ல பாத்துட்டு ராத்திரியெல்லாம் தூங்கலையாம் அண்ணே. பகல்ல தனியா படுத்துக் கெடக்கேன்னு அழுவுறா. நான் தூங்குனா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன், அது அவளுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்க, இது என்னைய எழுப்பிடுமா?"

போனைத் திருப்பிக் கூரையைக் காட்டினான். சிவப்பு விளக்கு சிமிட்டியது. நானும் நிமிர்ந்து பார்த்தேன். ஐந்தில் அதுதான் சுத்தமாக வந்திருந்தது.

"எழுப்பிடும் சிதம்பரம். அதுக்குத்தானே வச்சிருக்கு. நீ நிம்மதியாத் தூங்கு" என்றேன். போனுக்குள் அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அன்று மத்தியானம் முழுக்கக் கலத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனசு அடித்துக்கொண்டதை மறைக்கவில்லை. கீழே போய் பாயிடம் ஒன்று வாங்கி அவன் அறையில் மாட்டினால் ஐந்து நிமிட வேலை. கலத்துக்கென்று வாங்குவதல்ல, கூரைக்கென்று வாங்குவது, விதிகூட முறியாது. ஆனால் மாட்டினால் பழையது எங்கே, ஏன் மாற்றினீர்கள் என்று அவன் கேட்பான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படி ஏழு மாதம் ஓடியது.

செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டரை மணி. அழகேசன் என்ற பையன் தன் மின்சார சைக்கிளின் பேட்டரியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான். கூடாது என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவனைத்தான் நீங்கள் முதலில் விசாரித்தீர்களாம். நியாயம்தான். பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் சமையலறைப் பக்கம் கறுப்பாகப் புகை உருண்டு வந்தது.

கலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு கையாலும் அடியில் தாங்கினால்தான் நடு முறியாது. சிதம்பரத்தின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். தட்ட எனக்குக் கை இல்லை. போன வாக்குமூலத்தில் இதைத்தான் சொன்னேன், அது உண்மை. காலால் உதைத்திருக்கலாமே என்றீர்கள். ஒற்றைக் காலில் நின்றால் பாரம் ஒரு பக்கம் சாயும். வாயால் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். கூப்பிடவில்லை. படி குறுகல், ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினேன்.

தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதையில் கலத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். யாக்கூப் பாய் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு மாடிப்படியில் ஒரு கால் வைத்திருந்தார்.

"எட்மண்ட், மேல யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்ல பாய். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க."

அவர் காலை எடுத்துவிட்டார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அப்போது என் இரண்டு கையும் காலியாகத்தான் இருந்தன. நேரமும் இருந்தது. சமையலறையை விட்டு நெருப்பு இன்னும் வெளியே வரவில்லை, புகை மட்டும்தான்.

பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதினால் தண்டனை குறையலாம் என்று வக்கீல் சொல்கிறார். வாய் தவறவில்லை. எழுப்பினால் சிதம்பரம் முதலில் மேலேதான் பார்ப்பான். விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், சத்தம் மட்டும் வராது. அவன் கெட்டிக்காரன், மற்றதெல்லாம் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். பிரிஜட்டுக்குப் பிறகு இந்த ஊரில் என்னைத் தேடி வந்த ஒரே ஆள் அவன். என் கலத்தைப் புகழ்ந்த அந்த வாயால் அவன் என்னிடம் காரணம் கேட்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது. தூங்கட்டும் என்று விட்டேன்.

கட்டிலில் படுத்தபடியே கிடந்தான், எழுந்திருக்கவே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. கடைசி மூச்சு வரைக்கும் அவன் என்னை நல்லவன் என்றே நம்பியிருந்தான், மேடம். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.