முதலாளிக்கு ஒரு கரண்டு கிதார்

பெட்டி எங்கன போயிரப்போவுது மொதலாளி, அங்கனயே கெடக்கட்டும். மொதல்ல காப்பியக் குடிங்க. ஒங்க வாச்சுல மணி என்ன? ரெண்டே காலா? பொறவென்ன, நேரங் கெடக்கு. எங்க வீட்டு வாத்தியாரு பள்ளிக்கூடம் போகையில எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போயிருக்காக, மொதலாளி வருவாக, கிதாரக் குடுத்துவிடுன்னு.

ஆமா, அமெரிக்காவுல செஞ்சது. இவுக கொளும்புல வேல பாத்தப்ப ஒரு வெள்ளக்காரன் கப்பலேறையில வித்துட்டுப் போனானாம். நம்ம ஜில்லாவுலயே வேற கெடையாது. அம்பத்தெட்டுல தூக்கிக்கிட்டு வந்து திருத்தங்கல்ல எறங்குனாக. வீட்டுல கரண்டு இல்ல. கரண்டு கிதார் வாங்குற மனுசனுக்கு அது கொளும்புலயே ஞாபகம் வந்திருக்கணுமா இல்லையா? சிரிக்காதீக. ஒங்க பட்டாசு மருந்து ரூமு பக்கத்துல வச்சா பொறி பறக்குமான்னு இப்ப நீங்க கேக்கலையா? அது மாதிரிதான்.

ஒருவாட்டி ரைஸ் மில்லுல கொண்டுபோயி மாட்டுனாக. பீஸ் போயி மில்லே நின்னுபோச்சு. அன்னைக்குப் பெட்டியில போட்டதுதான்.

பொறவு அத எடுத்தவ எம் மக ஞானஜோதி. கரண்டு இல்லாம வாசிச்சா அடுத்த ரூமுக்குக்கூடக் கேக்காதுல்ல. எட்டு வருசம் வாசிச்சிருக்கா, பெத்த தகப்பனுக்குத் தெரியாது. மக பெட்டியத் தொடச்சு வைக்கிறான்னு ஊரெல்லாம் பெரும பேசுனாக.

நீங்க ஆபீஸ் சொவத்துல மாட்டணும்கிறீக. கிதார் மார்க் சரவெடிக்கு லேபிள் போடணும்கிறீக. நல்லாத்தான் இருக்கும். போன சீசன்ல யானை மார்க் போட்டீகளே, யானைய வாங்கியா கட்டுனீக?

கோவிக்காதீக. அவளுக்கு மெட்ராஸ்ல ஒரு கச்சேரிக் கோஷ்டியில இருந்து காயிதம் வந்திருக்கு. கிதாரோட வந்தாத்தான் வேலையாம். தகப்பன்ட்டக் கெஞ்சுனா. மொதலாளிக்கு வாக்குக் குடுத்தாச்சுன்னுட்டாக. மக அழுகுறா, இவுக வாக்கு பெருசாப் போச்சு. நானும் சரின்னு தலைய ஆட்டிட்டேன்.

இன்னுங் கொஞ்சம் காப்பி? வேண்டாமா. மணி என்ன இப்ப? மூணே காலா. அப்ப மதுர ரயிலு விருதுநகரத் தாண்டிருக்கும்.

இப்பத் தொறங்க மொதலாளி. பாத்து, கனமா இருக்கும். கிதார எங் கல்யாணச் சேலையில சுத்தி மகட்டக் குடுத்துவிட்டேன், பெட்டி மட்டுந்தான் ஒங்களுக்கு. வாத்தியார் வாக்குத் தப்பக்கூடாதுல்ல, தாராளமாக் கொண்டுபோங்க.

உள்ள கெடக்குற அம்மிக்குழவிய மட்டும் எடுத்து வச்சிட்டுப் போங்க. சாயங்காலம் தொவையல் அரைக்கணும்.